பதினாலு பேருக்கான பட்டை

பிப்ரவரி 23, வெள்ளி

ஏலத்தோட்டத்துக்குப் போகும் பாதையில் மூன்றாவது வளைவைத் தாண்டியதும் ஒரு பாறை இருக்கிறது. என் ஜீப்பின் அடிவயிற்றில் இடிக்காமல் அது என்னை ஒருநாளும் மேலே விட்டதில்லை. இன்றும் இடித்தது. பின்னால் உட்கார்ந்திருந்த தோட்ட வேலைப் பெண்களில் ஒருத்தி, "ஏண்ணே, அந்தப் பாறைக்கும் ஒங்களுக்கும் பங்காளிச் சண்டையா?" என்று கேட்டாள். பதினாலு பேரும் சிரித்தார்கள். எனக்குச் சிரிப்பு வரவில்லை. இன்ஜினுக்கு அடியில் இருக்கும் ஆயில் சேம்பர் கிழிந்தால் ஒழுகுவது என் வண்டியில்தானே.

மதியத்துக்கு மேல் என் மனைவி பவுனுத்தாயை பஸ்ஸில் தேனிக்கு அழைத்துப்போனேன். ஆறு மாதமாக இடுப்பு வலி, இடது கால் மரத்துப்போகிறது என்று சொல்லிக்கொண்டிருந்தாள். நானும் தைலம் வாங்கித் தந்துகொண்டிருந்தேன். டாக்டர் ஸ்கேன் படத்தை வெளிச்சத்தில் பிடித்துப் பார்த்துவிட்டு, முதுகெலும்பில் தட்டு பிதுங்கி நரம்பை அழுத்துகிறது, மதுரைக்குப் போய் ஆபரேஷன் செய்துகொள்ள வேண்டும் என்றார். சித்திரை வரை தள்ளிப்போடலாமாம்.

பவுனு வேறு எதுவும் கேட்கவில்லை. "ஆபரேசனுக்கப்புறம் மலைக்கு ஜீப்புல போலாமா சார்?" என்று மட்டும் கேட்டாள்.

"ஜீப்பையே மறந்துருங்கம்மா."

"அப்ப அதுக்கு முன்னாடி?"

டாக்டர் என்னைப் பார்த்தார். நான் சுவரில் இருந்த காலண்டரைப் பார்த்தேன். அவள் கேட்டது எந்த மலை என்று எனக்குத் தெரியும். வெண்ணிப்பாறை அம்மன் கோயில். பங்குனி கடைசி வெள்ளி அன்று ஒருநாள் மட்டும் காட்டு இலாகா கேட்டைத் திறந்துவிடும். ஜீப் தவிர வேறு வண்டி ஏறாது. இருபது வருடத்துக்கும் மேலாக அந்த ஒருநாள் விடாமல் ஜனங்களை ஏற்றி இறக்குகிறேன். பவுனு ஒரு தடவை கூட வந்ததில்லை. அடுத்த வருடம் பார்க்கலாம் என்று ஒவ்வொரு வருடமும் சொல்லியிருக்கிறேன். ஜனம் அலைமோதுகிற நாளில் வீட்டு ஆளை முன் சீட்டில் உட்காரவைத்துக்கொண்டு போனால் தொழில் என்ன ஆவது?

"போகாதீங்கன்னுதான் சொல்லுவேன். போயே ஆகணும்னா குலுங்காம போங்க" என்றார் டாக்டர்.

திரும்பும்போது பஸ்ஸில் ஜன்னல் பக்கம் பார்த்தபடியே, "இந்த வருசம் கூட்டிட்டுப் போயிருங்க" என்றாள். ஒரு புடவை வேண்டும் என்று கூட வாய்விட்டுக் கேட்கிறவள் இல்லை அவள். சரி என்று சொல்லிவிட்டேன்.

பிப்ரவரி 24, சனி

நன்றாக யோசித்துப் பார்த்தேன். குலுக்கல் எதனால் வருகிறது? அடியில் இடிப்பதால் வருகிறது. எதனால் இடிக்கிறது? வண்டி தாழ்ந்திருப்பதால் இடிக்கிறது. ஆக வண்டியைத் தூக்கிவிட்டால் எல்லாம் சரியாகிவிடும். இப்போதெல்லாம் பொழுதுபோக்குக்கு ஜீப் வைத்திருக்கும் பையன்கள் 'லிஃப்ட்' போட்டிருக்கிறேன் என்று படம் போட்டுக்கொள்கிறார்கள். வண்டி ஒரு முழம் உயர்ந்து நிற்கிறது. நமக்கு ஒரு சாண் வேண்டாம், நாலு விரல் போதும்.

ஜீப் ஸ்டாண்டில் இதைச் சொன்னேன். ஆளாளுக்கு ஒரு யோசனை சொன்னார்கள். கடைசியாக தாகிர் பாய் வாயைத் திறந்தார். எங்கள் ஸ்டாண்டிலேயே மூத்தவர். அவர் மூன்று நடை போவதற்குள் நான் ஐந்து நடை போய் வந்துவிடுவேன். மாட்டுவண்டி என்றுதான் அவர் ஜீப்புக்குப் பெயர் வைத்திருக்கிறேன்.

"எதுக்குப்பா தூக்குறே? ஸ்பிரிங்குல ரெண்டு பட்டைய உருவிட்டு, ஆளக் கொறச்சுக்கிட்டு, பையப் போனா குலுங்காது."

பட்டை என்றால் ஸ்பிரிங்கில் ஒன்றன் மேல் ஒன்றாக அடுக்கியிருக்கும் வளைந்த இரும்புத் தகடு; பாரம் தாங்குவதே அதுதான். "அப்படியே டீசலுக்குப் பதிலா பால ஊத்திக்கிறலாமா பாய்?" என்றேன். எல்லாரும் சிரித்தார்கள். அவரும்தான்.

பிப்ரவரி 27, செவ்வாய்

கோயம்புத்தூரில் லிஃப்ட் சாமான் விற்கும் கடைக்குப் போன் போட்டேன். எடுத்தது ஒரு சின்னப் பையன். "சார் ஆஃப் ரோடு போவீங்களா?" என்று கேட்டான். "தம்பி, நான் ரோட்டுல போறதே எப்பவாச்சும்தான்" என்றேன்.

நல்ல பையன், பொறுமையாகச் சொன்னான். முழு செட்டாக மாற்ற வேண்டுமாம். நாலு பக்கமும் புது ஸ்பிரிங், நீளமான ஷாக்கப்சர், எல்லாமே அளவெடுத்துச் செய்தது. வண்டியும் உயரும், ஓட்டமும் மெத்தென்று இருக்கும். இரண்டும் ஒன்றாகக் கிடைப்பது இதில் மட்டும்தான் என்றான். விலையைச் சொன்னதும் போனைக் காதிலிருந்து எடுத்து ஒருதரம் பார்த்தேன். அந்தப் பணத்துக்கு இன்னொரு பழைய ஜீப்பே வாங்கிவிடலாம்.

பவுனுவிடம் சொன்னேன். "அம்புட்டுப் பணமெல்லாம் வேணாங்க. பழைய வண்டியிலயே போவோம், ஒரு தலகாணி போட்டுக்கிறேன்" என்றாள். தலையணையாம். முப்பது வருடம் ஜீப்காரனோடு குடும்பம் நடத்தியும் ஜீப்பைப் பற்றி இவ்வளவுதான் தெரியும்.

மார்ச் 2, சனி

சின்னமனூரில் ஒருவன் கட்டை வைத்துத் தருகிறான் என்று சொன்னார்கள். அச்சுக்கும் ஸ்பிரிங்குக்கும் நடுவே ஓர் இரும்புக் கட்டையைச் செருகி, நீளமான யு போல்ட் போட்டு இறுக்கிவிடுவது. இருப்பதிலேயே மலிவு. போய்ப் பார்த்தேன். பின்பக்கம் மட்டும்தான் வைக்கலாம், முன்பக்கம் வைத்தால் பிரேக் அடிக்கும்போது கட்டை நழுவிவிடும் என்று அவனே ஒப்புக்கொண்டான். பின்பக்கம் மட்டும் உயர்த்திக்கொண்டு மலை இறங்கினால் வண்டி சாமி கும்பிட்டுக்கொண்டேதான் வரும். வேண்டாம் என்று வந்துவிட்டேன்.

மார்ச் 5, செவ்வாய்

ஸ்பிரிங்கின் முனையைச் சட்டத்தோடு சேர்த்துத் தொங்கவிடும் கொக்கிக்கு ஷேக்கிள் என்று பெயர். அதை நீளமாகப் போட்டாலும் வண்டி உயரும். ஸ்டாண்டில் ஒச்சப்பன் அப்படித்தான் போட்டிருக்கிறான். அவன் ஜீப்பை வாங்கி மெயின் ரோட்டில் ஓட்டிப் பார்த்தேன். ஸ்டியரிங்கை நான் ஒரு பக்கம் திருப்பினால் அது தன் பாட்டுக்கு யோசித்துவிட்டு வேறு பக்கம் போகிறது. இதில் பவுனுவை ஏற்றினால் கோயிலுக்குப் போகாது, நேரே சாமியிடமே போய்விடும்.

மார்ச் 8, வெள்ளி

பவுனு இன்று வாசலில் கோலம் போடவில்லை. குனிய முடியவில்லையாம்.

மார்ச் 12, செவ்வாய்

தேனியில் மாசிலாமணியின் ஸ்பிரிங் பட்டறைக்குப் போனேன். என் வண்டியை அவனுக்குப் பல வருடமாகத் தெரியும். கீழே படுத்துப் பார்த்துவிட்டு, பழைய பட்டைகள் எல்லாம் தளர்ந்து படிந்துவிட்டன, அவற்றை அடித்து வளைத்து, ஒவ்வொரு ஸ்பிரிங்கிலும் புதிதாக ஒரு பட்டை சேர்த்தால் நாலு விரல் உயர்ந்துவிடும் என்றான். விலையும் என் கைக்கு அடங்குகிறது. செய்யச் சொன்னேன்.

பட்டையைத் தேர்ந்தெடுக்கும்போது, "எத்தன பேரு ஏறுவாங்க?" என்று கேட்டான்.

"பதினாலு" என்றேன்.

"அப்ப கனமான பட்டையாவே போட்டுருவோம்."

ஒருவழியாக இந்த அலைச்சல் முடிந்தது. கோயம்புத்தூர்க்காரன் கேட்டதில் பத்தில் ஒரு பங்கு கூட ஆகவில்லை. வரும் வழியில் பவுனுவுக்குக் காராச்சேவு வாங்கினேன்.

மார்ச் 14, வியாழன்

வண்டியை எடுத்துவந்தேன். நிற்கிற நிலையே தனி. ஒச்சப்பன் சுற்றிச் சுற்றி வந்தான். தாகிர் பாய் டயருக்கும் மட்கார்டுக்கும் நடுவே கையை விட்டுப் பார்த்துவிட்டு, "நல்லா ஏறியிருக்கு" என்றார். தன் வண்டிக்குப் போய்விட்டார். பொறாமைதான்.

வேலைக்காக மாசிலாமணி சீட்டைக் கழற்றியபோது அடியில் ஒரு வளையல் பொட்டலம் இருந்ததாம், கொடுத்தான். பவுனு போன வருடம் அம்மனுக்குப் போடச் சொல்லிக் கொடுத்தது. பச்சைக் கண்ணாடி வளையல். ஒன்று கூட உடையவில்லை.

வெண்ணிப்பாறை அம்மனுக்குப் பெண்கள் தங்கள் கையால் வளையல் சாத்துவது வழக்கம். போக முடியாதவர்கள் கொடுத்து அனுப்புவார்கள். பவுனு ஒவ்வொரு வருடமும் என்னிடம் ஒரு பொட்டலம் தருவாள். ஜீப் நிற்கும் இடத்திலிருந்து கோயிலுக்கு அரைமணி நேரம் நடை ஏற்றம். நான் ஏறி இறங்கினால் ஒரு சவாரி போய்விடும். அதனால் ஏறிப்போகிற யாராவது ஓர் அம்மாவிடம் கொடுத்துவிடுவேன். போன வருடம் கூட்டம் அதிகம். போட்டாச்சு என்று அவளிடம் சொன்னதாக ஞாபகம்.

பொட்டலத்தை டேஷ்போர்டு பெட்டிக்குள் வைத்திருக்கிறேன். இந்த வருடப் பொட்டலத்தோடு சேர்த்துப் போட்டுவிடலாம்.

மார்ச் 17, ஞாயிறு

வெள்ளோட்டம். பவுனுவை முன் சீட்டில் ஏற்றிக்கொண்டு தோட்டப் பாதைக்குப் போனேன். படி உயர்ந்துவிட்டதால் அவளால் கால் எடுத்து வைக்க முடியவில்லை. வீட்டிலிருந்து பிளாஸ்டிக் முக்காலியை எடுத்துவந்து போட்டேன். இது சின்ன விஷயம். கோயிலுக்கும் முக்காலியை எடுத்துப்போனால் போயிற்று.

என் பங்காளிப் பாறை வந்தது. நேராக விட்டேன். இடிக்கவே இல்லை! அடியில் காற்று போகிற மாதிரி கடந்துவிட்டேன். "பாத்தியா?" என்று அவளைப் பார்த்தேன். இரண்டு கையாலும் முன்னால் இருக்கும் கம்பியைப் பிடித்திருந்தாள். "ம்" என்றாள்.

குலுக்கல் கொஞ்சம் இருந்தது. பட்டை புதிது, ஓட ஓடச் சரியாகும்.

வியர்வை துடைக்கத் துணி தேடி டேஷ்போர்டு பெட்டியைத் திறந்தாள். பொட்டலம் கையில் வந்துவிட்டது. நியூஸ் பேப்பரைப் பிரித்துப் பார்த்தாள்.

"இது போன வருசம் குடுத்ததுல்ல?"

"கூட்டத்துல சீட்டுக்கடியில விழுந்துருச்சு போல. இப்பத்தான் கெடச்சுச்சு."

"போட்டாச்சுன்னு சொன்னீக."

வண்டி அப்போது ஓர் ஏற்றத்தில் இருந்தது. கியரை மாற்ற வேண்டியிருந்தது.  அவள் பொட்டலத்தை மடித்து மடியில் வைத்துக்கொண்டாள். வீடு வரும்வரை கம்பியை ஒரு கையால்தான் பிடித்திருந்தாள்.

மார்ச் 18, திங்கள்

பவுனு எழுந்திருக்கவில்லை. வெயிலில் அலைந்தது ஒத்துக்கொள்ளவில்லை போல. சமையல் நான்தான். ரசத்தில் உப்பு இல்லை என்று எனக்கே தெரிந்தது. அவள் சாப்பிட்டுவிட்டாள்.

மார்ச் 19, செவ்வாய்

இன்றும் எழுந்திருக்கவில்லை.

மார்ச் 21, வியாழன்

சவாரி முடிந்து வந்தபோது தாகிர் பாயின் மனைவி ஜமீலா வீட்டில் இருந்தார். வெந்நீர்ப் பையைத் துண்டில் சுற்றி பவுனுவின் இடுப்புக்கு வைத்துக்கொண்டிருந்தார். நான் உள்ளே நுழைந்ததும் பேச்சு நின்றுவிட்டது. "வாங்கண்ணே, வண்டிய தூக்கிட்டீகளாம்ல" என்றார். ஆமாம் என்றேன். யாரும் சிரிக்கவில்லை, ஆனாலும் இரண்டு பேரும் சிரித்த மாதிரி இருந்தது.

மார்ச் 25, திங்கள்

ஒன்றைக் கவனித்தேன். காலையில் பதினாலு பேரோடு போகும்போது வண்டி தொட்டில் மாதிரி போகிறது. பெண்கள் தூங்கிக்கொண்டே வருகிறார்கள். ஆட்களை இறக்கிவிட்டுக் காலியாகத் திரும்பினால் பல்லெல்லாம் ஆடுகிறது. ஒவ்வொரு கல்லும் சீட்டு வழியாக நடு முதுகில் வந்து குத்துகிறது.

கனத்துக்கென்று போட்ட பட்டை கனம் இருந்தால்தானே வளையும். மாசிலாமணியைக் குறை சொல்ல முடியாது. அவன் கேட்டான், நான் சொன்னேன்.

ஷாக்கப்சரை மாற்றிப் பார்க்கலாம்.

மார்ச் 28, வியாழன்

ஷாக்கப்சர் மாற்றியும் அப்படியேதான் இருக்கிறது. டயரில் காற்றைக் குறைத்துப் பார்த்தேன். ஒரு நூல் தேவலை, அவ்வளவுதான்.

ஏப்ரல் 2, செவ்வாய்

வழி கிடைத்துவிட்டது. இத்தனை நாள் இது தோன்றாமல் போனதுதான் ஆச்சரியம். சாப்பிடும்போது பவுனுவிடம் சொன்னேன். "ஒன்கூட பதிமூணு பேர ஏத்திக்கிட்டா வண்டி குலுங்காது. கனம் சரியா இருக்கும். சவாரியும் ஆச்சு, ஒனக்கும் வலி இருக்காது."

ரொம்ப நாளைக்குப் பிறகு வாய்விட்டுச் சிரித்தாள். சிரித்தால் இடுப்பு வலிக்கிறது என்று சுவரைப் பிடித்துக்கொண்டாள்.

"அப்ப நானு வண்டி குலுங்காம இருக்கப் போட்டுக்கிட்டுப் போற மூட்டையா?"

"எதைச் சொன்னாலும் நீ ஒரு பேச்சுப் பேசுவே."

"நெசந்தானங்க. பதிமூணு பேரு ஏறுனா நீங்க வெரசா ஓட்டுவீக. வெரசா ஓட்டுனா அடுத்த நடைக்கு ஆளு கெடைக்கும். நான் எறங்கி மேல ஏறி வர்றதுக்குள்ள நீங்க ரெண்டு நடை போயிருவீக. எனக்குத் தெரியாதா?"

 மோர் ஊற்றச் சொன்னேன்.

ஏப்ரல் 5, வெள்ளி

பவுனு இன்று சொன்னது: "நான் பாய் அண்ணன் வண்டியில போறேன். ஜமீலாட்ட சொல்லிட்டேன். நீங்க சவாரிய விட்றாதீக."

அவள் சாதாரணமாகத்தான் சொன்னாள். கத்தியது நான்தான். ஜீப்காரன் பொண்டாட்டி அடுத்தவன் ஜீப்பில் கோயிலுக்குப் போனால் ஸ்டாண்டில் நான் எந்த முகத்தோடு நிற்பது என்று கேட்டேன். உனக்காகத்தானே ஒரு மாதமாக அலைந்து வண்டியைத் தூக்கிவைத்தேன் என்றேன். சாப்பாட்டுக் கேரியரைத் தூக்கிக் கழுவுதொட்டியில் போட்டேன். அது தேவையில்லாதது.

அவள் கேரியரை எடுத்து அடுக்கடுக்காகப் பிரித்துக் கழுவினாள். கழுவி முடித்துவிட்டு, "எனக்காகத் தூக்குனதுன்னா எனக்கு வலிச்சிருக்காதுல்லங்க" என்றாள்.



ஏப்ரல் 7, ஞாயிறு

தாகிர் பாய் ஸ்டாண்டில் என்னைத் தனியாகக் கூப்பிட்டார். "நான் கேக்கலப்பா, தங்கச்சிதான் கேட்டுச்சு. நீ வேணாம்னா சொல்லிரு, நான் ஏதாச்சும் சாக்குச் சொல்லிக்கிறேன்" என்றார். வேண்டாம் என்று சொல்லத்தான் வாயைத் திறந்தேன். "முன் சீட்டுல வையிங்க பாய்" என்று வந்துவிட்டது.

ஏப்ரல் 10, புதன்

பவுனு கடைவீதிக்குப் போய் புது வளையல் வாங்கிவந்திருக்கிறாள். பழைய பொட்டலத்துக்குப் பக்கத்தில் வைத்திருக்கிறாள். இந்த வருடம் என்னிடம் எதுவும் தரவில்லை.

ஏப்ரல் 12, பங்குனி கடைசி வெள்ளி

கேட் திறந்ததும் முதல் ஆளாக ஏறினேன். பதினாலு பேர். பழைய வேகம்தான். வண்டி நன்றாக ஏறியது. இறக்கிவிட்டு வந்து அடுத்த பதினாலு பேரை ஏற்றினேன். மனது சரியில்லாதபோது வேலை செய்வதுதான் நல்லது.

பாதிப் பாதையில் முன்னால் ஒரு ஜீப் ஊர்ந்துகொண்டிருந்தது. எனக்கும் அதற்கும் நடுவே வேறு வண்டி இல்லை. அது போகிற வேகத்தைப் பார்த்து என் ஆட்கள் சலித்துக்கொண்டார்கள். "அண்ணே, ஆரன அடிச்சு ஒதுங்கச் சொல்லுங்கண்ணே, நட சாத்திருவாங்க" என்றார் ஒருவர். நீளமாக ஓர் ஆரன் கொடுத்தேன். கை தன் பழக்கத்தில் செய்தது. அப்புறம்தான் அது யார் வண்டி என்று பார்த்தேன். முன் சீட்டில் கம்பியைப் பிடித்திருந்த கை பவுனுவின் கை.

அவள் திரும்பிப் பார்க்கவில்லை. என் ஆரன் சத்தம் அவளுக்குத் தெரியாமல் இருக்குமா? முப்பது வருடமாக அந்தச் சத்தம் கேட்டால்தான் அடுப்பில் தோசைக்கல்லைப் போடுவாள்.

ஒரு வளைவில் பாதை அகன்றது. தாராளமாக முந்தியிருக்கலாம். முந்தவில்லை. பின்னாலேயே போனேன். ஆட்கள் திட்டினார்கள். ஒருவர் பணத்தைத் திருப்பிக் கேட்டார். இறங்கும்போது தருகிறேன் என்றேன்.

அந்தப் பாதையை நான் அப்படிப் பார்த்ததே இல்லை. பாய் ஒவ்வொரு கல்லுக்கும் நின்றார். பாறை வந்தால் நடுவில் விட்டுக் கடக்கவில்லை. ஒரு பக்கத்து டயரைப் பாறை மேலேயே ஏற்றி, ஏறியதும் ஒரு கணம் நிறுத்தி, பிரேக்கை விட்டு விட்டுப் பிடித்து, பூவை வைக்கிற மாதிரி அந்தப் பக்கம் இறக்கினார். நானும் அவர் தடத்திலேயே டயரை வைத்துக்கொண்டு போனேன்.

மேலே போய்ச் சேரும்வரை என் வண்டி ஒரு இடத்திலும் இடிக்கவில்லை. தூக்கிவைத்ததால் இடிக்கவில்லை என்று எழுதலாம்தான். ஆனால் பாயின் வண்டி தூக்காத வண்டி. பட்டை உருவிய வண்டி. என்னுடையதைவிட ஒரு சாண் தாழ்வாக இருக்கிறது. அதுவும் இடிக்கவில்லை.

இருபது வருடம் பாறைதான் என்னை இடிக்கிறது என்று நினைத்துக்கொண்டிருந்திருக்கிறேன்.

மேலே ஜீப்கள் திரும்பும் இடத்தில் பவுனு இறங்கினாள். முக்காலி தேவைப்படவில்லை, தானாகவே காலை ஊன்றி இறங்கிவிட்டாள். கையில் இரண்டு பொட்டலமும் இருந்தன. நான் வண்டியை அப்படியே நடுவில் நிறுத்திவிட்டு ஓடினேன்.

"நானும் வர்றேன் பவுனு. மேல கூட்டிட்டுப் போறேன்."

என் முகத்தைப் பார்த்தாள். கோபமெல்லாம் இல்லை. கோபம் இருந்திருந்தால் நன்றாக இருந்திருக்கும்.

"வண்டி நடுவுல நிக்குதுங்க. பின்னாடி எல்லாரும் ஆரன் அடிக்கிறாக பாருங்க. போங்க, கீழ ஆளு காத்துக்கிட்டிருக்கும்."

காட்டு இலாகா ஆள் விசில் ஊதிக்கொண்டே ஓடிவந்து, வண்டியை எடு, இங்கே நிறுத்த இடமில்லை, இறங்கு இறங்கு என்றான். இருபது வருடமாக நானே அங்கே ஐந்து நிமிடம் கூட நின்றதில்லை. இன்றைக்கு நிற்கிறேன் என்றால் யார் விடுவார்கள்? வண்டியில் ஏறித் திருப்பினேன். கண்ணாடியில் பார்த்தபோது பவுனு ஜமீலாவின் தோளைப் பிடித்துக்கொண்டு ஏற்றத்தில் முதல் அடியை வைத்துக்கொண்டிருந்தாள். அப்புறம் கூட்டம் மறைத்துவிட்டது.

நான் வீட்டுக்கு வந்தபோது அவள் பாயில் படுத்திருந்தாள். தலைமாட்டில் குங்குமப் பொட்டலம். முகம் வெளுத்திருந்தது, ஆனால் தெளிவாக இருந்தது. அம்மன் எப்படி இருந்தது என்று கேட்டேன். இத்தனை வருடம் போனவன் கேட்கிற கேள்வி.

"சின்னதா இருக்கு. நான் பெருசா இருக்கும்னு நெனச்சுக்கிட்டிருந்தேன்" என்றாள். "போன வருசத்து வளையலையும் சேத்துச் சாத்திட்டேன்."

"வலி?"

"பாய் அண்ணன் பைய ஓட்டுனாரு" என்று சொல்லிவிட்டுக் கண்ணை மூடிக்கொண்டாள்.

ஏப்ரல் 14, ஞாயிறு

வருடப் பிறப்பு. பாயாசம் நான் வைத்தேன். இனிப்பு சரியாக இருந்தது என்றாள்.

ஏப்ரல் 26, வெள்ளி

மதுரை. ஆபரேஷன் நல்லபடியாக முடிந்தது. மகள் திருப்பூரிலிருந்து வந்திருக்கிறாள். வராந்தாவில் உட்கார்ந்து எழுதுகிறேன். எழுத ஒன்றும் இல்லை.

மே 9, வியாழன்

பவுனு இன்று வாசல் வரை நடந்தாள். கால் மரத்துப்போவது நின்றுவிட்டது. பெரிய டாக்டர் எல்லாம் சொல்லி அனுப்பினார். குனியக் கூடாது, குடம் தூக்கக் கூடாது, பஸ்ஸில் கடைசி சீட்டு கூடாது. ஜீப் என்று அவர் ஆரம்பித்ததும், "அதுதான் போயிட்டு வந்துட்டேன்ல சார்" என்று பவுனுவே முடித்துவிட்டாள்.

எங்கே போய்வந்தாய் என்று அவர் கேட்கவில்லை. யாருடைய வண்டியில் என்றும் கேட்கவில்லை. எனக்கு அது நிம்மதியாக இருந்தது. நிம்மதியாக இருந்ததை நினைத்தால் இப்போது வெட்கமாக இருக்கிறது.

மே 14, செவ்வாய்

மாசிலாமணி பட்டறைக்கு வண்டியை விட்டேன். புதிதாகப் போட்ட பட்டையை எடுத்துவிட்டு, பழையதிலும் இரண்டை உருவச் சொன்னேன். அவன் கீழே படுத்து ஸ்பிரிங்கைத் தட்டிப் பார்த்தான்.

"பட்டை நல்லாத்தாண்ணே இருக்கு. எதுக்கு எடுக்கச் சொல்றீங்க?"

"எடு."

"ரொம்ப எளகிரும்ணே. எத்தன பேரு ஏறுவாங்க?"

இந்தத் தடவை யோசித்துத்தான் சொன்னேன்.

"ஒருத்தி."

அவன் வண்டிக்கு அடியிலிருந்து தலையை நீட்டினான். "யாரு, அண்ணியா? அவங்களுக்கு ஆபரேசன் ஆயிருச்சு, இனிமே ஜீப்புல ஏற மாட்டாங்கன்னு இப்பத்தானண்ணே சொன்னீங்க?"

"ஆமாடா, ஏற மாட்டா" என்றேன். "நீ உருவு."